இங்கிலீஷ் கிளாஸ்ல தினமும் 5 நிமிஷம் கிராமர், பொயம் வார்ம்-அப் குடுக்கறதுல நிஜமா பயன் இருக்கா?

கேட்டிருந்தது இதுதான்: "9ஆம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுக்கறேன். பீரியட் ஆரம்பிச்சதும் 5 நிமிஷம் கிராமர் ஒண்ணு, பொயம்லேருந்து ஒண்ணு போர்டுல போட்டு பசங்கள எழுத வைங்கன்னு ஹெச்.எம் சொல்றாங்க. பயன் இருக்கா, இல்ல டைம் வேஸ்ட்டா?"

பயன் இருக்கு. ஆனா கிராமர் தனி, பொயம் தனின்னு பிரிச்சு குடுத்தீங்கன்னா ரெண்டு வாரத்துல பசங்களுக்கும் சலிச்சுடும் உங்களுக்கும் சலிச்சுடும். ரெண்டையும் ஒரே வரியில பண்ணணும், அந்த வரி அப்ப நடந்துட்டிருக்கற பாடத்துலேருந்தே வரணும், இவ்வளவுதான் நான் சொல்ல வர்றது. நானும் அரசுப் பள்ளியில பி.டி. அசிஸ்டன்ட்தான் (பட்டதாரி ஆசிரியர்), 9, 10 ரெண்டும் எடுக்கறேன், அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

முதல்ல என்ன பண்ணக் கூடாதுன்னு சொல்லிடறேன். இந்த வார்ம்-அப் ஐடியா அமெரிக்க ஸ்கூல்கள்ல ரொம்ப நாளா இருக்கறது, அங்க பெல் ரிங்கர்னும் டூ நவ்னும் சொல்லுவாங்க, பெல் அடிச்சு பசங்க உக்காந்து அமைதியாகறதுக்குள்ள போர்டுல வேலை ரெடியா இருக்கணும். அதுல ரொம்ப பாப்புலரான ஒரு வகை டெய்லி ஓரல் லாங்குவேஜ். தினம் ரெண்டு தப்பான வாக்கியம் எழுதிப் போட்டுடுவாங்க, கேப்பிடல் இருக்காது, கமா இருக்காது, வெர்ப் தப்பா இருக்கும், பசங்க திருத்தி எழுதணும். நம்ம ஊர் கைடுல வர்ற 'ஸ்பாட் தி எரர்' மாதிரியேதான். பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கும், கிளாஸும் கப்சிப்னு ஆயிடும், வெளியிலேருந்து எட்டிப் பாக்கற ஹெச்.எம்முக்கும் சந்தோஷம். ஆனா யோசிச்சுப் பாருங்க, வீட்ல இங்கிலீஷ் கேக்காத, தெருவுல கேக்காத பையனுக்கு நாள் பூரா கண்ணுல படற இங்கிலீஷே ஒரு பத்து வரி, அதுல ரெண்டு வரிய நாமளே தப்பா எழுதிக் காட்டறோம். 'ஹி டிட் நாட் வென்ட்'னு போர்டுல பாத்தது மனசுல நிக்கும், நாம திருத்தினது நிக்காது. இங்கிலீஷ் வீட்டு மொழியா இருக்கற குழந்தைக்கு தப்பு காதுல இடறும், நம்ம பசங்களுக்கு இடறாது.

ஆராய்ச்சி பக்கமும் கிராமர தனியா பிரிச்சு நடத்தறதுக்கு பெரிய சப்போர்ட் இல்ல. 1963லயே அமெரிக்காவுல ப்ராடக், லாயிட்-ஜோன்ஸ், ஷோயர்னு மூணு பேர் சேர்ந்து குடுத்த அறிக்கை, இலக்கணத்த தனிப் பாடமா நடத்தறதால எழுத்து முன்னேறினதா தெரியல, எழுதற நேரத்த அது சாப்பிட்டுடறதால கெடுதலா கூட ஆகலாம்னு கறாரா சொல்லிடுச்சு. அப்புறம் 2007ல ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் ரெண்டு பேரும் 4ஆம் வகுப்புலேருந்து 12ஆம் வகுப்பு வரைக்கும் நடந்த பல ஆய்வுகள சேர்த்துப் பாத்தாங்க. எழுத்துல எவ்வளவு பலன்னு போட்ட கணக்குல (ஜீரோவுக்கு மேல போனா முன்னேற்றம், கீழ போனா பின்னடைவு) வழக்கமான கிராமர் பாடத்துக்கு மைனஸ் 0.32, ரெண்டு மூணு சின்ன வாக்கியத்த ஒண்ணா சேர்த்து எழுதற பயிற்சிக்கு பிளஸ் 0.50ன்னு வந்துச்சு. அதாவது ரூல் சொல்லி ஃபில் இன் த ப்ளாங்க்ஸ் குடுத்த இடத்துல எழுத்து முன்னேறல, வாக்கியத்த கையாள விட்ட இடத்துல முன்னேறியிருக்கு. அதுக்காக கிராமரே வேணாம்னு யாரும் சொல்லல, சிலபேர் அப்படி கிளம்பிடுவாங்க, அதுவும் தப்பு.

சரி, அப்ப என்னதான் போடறது? 9ஆம் வகுப்பு புக்லயே இருக்கு, வில்லியம் பிளேக்கோட 'எ பாய்சன் ட்ரீ', 1794ல வந்த கவிதை. ஒரு திங்கக்கிழமை முதல் நாலு வரிய மட்டும் போர்டுல எழுதுங்க:

ஐ வாஸ் ஆங்க்ரி வித் மை ஃப்ரெண்ட்:
ஐ டோல்ட் மை ராத், மை ராத் டிட் எண்ட்.
ஐ வாஸ் ஆங்க்ரி வித் மை ஃபோ:
ஐ டோல்ட் இட் நாட், மை ராத் டிட் க்ரோ.

(ராத்னா கோவம், ஃபோன்னா எதிரி.) பசங்களுக்கு அர்த்தம் சொல்லாதீங்க, ஃபிகர் ஆஃப் ஸ்பீச் கேக்காதீங்க. முதல் ரெண்டு வரிக்கும் அடுத்த ரெண்டு வரிக்கும் என்னென்ன மாறியிருக்குன்னு மட்டும் ரஃப் நோட்டுல எழுதச் சொல்லுங்க. கடைசி பெஞ்ச் பையன் கூட இத எழுதிடுவான், இதுக்கு இங்கிலீஷ் வேணாம், கண்ணு இருந்தா போதும். ஃப்ரெண்ட் போய் ஃபோ வந்திருக்கு, டோல்ட் போய் டோல்ட் நாட் வந்திருக்கு, எண்ட் போய் க்ரோ வந்திருக்கு. இந்த மூணு மாத்தம்தான் மொத்தக் கவிதையே, கோவத்த சொல்லிட்டா அடங்கிடும் சொல்லாம வச்சா வளரும்னு நீங்க ஒரு பீரியட் பேசி வர வைக்கறத அவனே நோட்டுல எழுதி வச்சிருப்பான்.

மறுநாள் அதே வரிதான். இப்ப கேள்வி, ஏன் 'எண்டட்'னு எழுதாம 'டிட் எண்ட்'னு எழுதியிருக்கார்? நம்ம பசங்களுக்கு டிட்னா கேள்விக்கும் நெகட்டிவுக்கும்தான் வரும்னு பதிஞ்சிருக்கும். இங்க சாதாரண வாக்கியத்துலயே வருது. யாராவது ஒருத்தர் ஃப்ரெண்டுக்கு எண்ட் எதுகை சார்னு சொல்லிடுவாங்க, எங்க கிளாஸ்ல எதுகைன்னுதான் சொன்னாங்க ரைம்னு சொல்லல, தமிழ் அய்யா புண்ணியம். (கறாரா பாத்தா இயைபுன்னு சொல்லணும், அந்த சண்டைய அவர்கிட்டயே விட்டுட்டேன்.) சரி, எண்டட்னு போட்டா ரைம் போயிடும், ஒத்துக்கறோம். அப்படியே விடாம, டிட்டுக்கு அப்புறம் ஏன் எண்டட் வரல எண்ட் வந்துச்சுன்னு கேளுங்க. பாஸ்ட் டென்ஸ டிட் தூக்கிக்கிச்சு, பின்னாடி வர்றது மொட்டையாதான் நிக்கும். அந்த எடத்துல 'டிட் நாட் வென்ட்' நோய்க்கு மருந்து கிடைச்சுடுது, தப்பான வாக்கியம் ஒண்ணு கூட போர்டுல எழுதாமலே. அதுக்கப்புறம் யாராவது தப்பா எழுதினா 'டிட் எண்டட்னா எழுதியிருக்கான் அந்த ஆளு?'ன்னு நான் கேட்டா போதும், அவங்களே அடிச்சுத் திருத்திக்கறாங்க.

இதே கவிதையோட கடைசி இன்னும் நல்லா இருக்கும். கோவம் மரமா வளருது, பளபளன்னு ஒரு ஆப்பிள் காய்க்குது, எதிரி ராத்திரி தோட்டத்துக்குள்ள நுழையறான், எல்லாமே பாஸ்ட் டென்ஸ். 'த நைட் ஹாட் வெய்ல்டு'ன்னு பாஸ்ட் பெர்ஃபெக்ட் கூட ஒண்ணு வருது, இருட்டு முன்னாடியே மூடிடுச்சு அதுக்கப்புறம்தான் அவன் நுழைஞ்சான்னு வரிசை காட்டறதுக்கு. அப்புறம் திடீர்னு 'இன் த மார்னிங் கிளாட் ஐ சீ, மை ஃபோ அவுட்ஸ்ட்ரெச்ட் பினீத் த ட்ரீ'. அதாவது காலையில பாத்தா எதிரி மரத்தடியில கிடக்கறான். சா இல்ல, சீ. இந்த ரெண்டு வரிய போட்டு வெர்புக்கு அடியில கோடு போடுங்கன்னு மட்டும் சொல்லுங்க, முந்தின வரிகளோட வெர்பையும் பக்கத்துல எழுதச் சொல்லுங்க. டென்ஸ் மாறியிருக்குன்னு கண்டுபிடிச்சதும் ஏன்னு கேளுங்க. ட்ரீக்கு ரைம் வேணும்னு ஒரு பதில் வரும், அது சரிதான், மறுக்காதீங்க, வேற என்னன்னு கேளுங்க. எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு சொல்லிச்சு, 'அவன் செத்துக் கிடக்கறத இவன் இன்னும் பாத்துக்கிட்டே இருக்கான் சார்'னு. தமிழ்லதான் சொல்லிச்சு. நான் அத இங்கிலீஷ்ல மாத்திச் சொல்லுன்னு நோண்டல, கையெழுத்து நல்லா இருக்கற பையன விட்டு போர்டுல தமிழ்லயே எழுத வச்சேன். இங்கிலீஷ் கிளாஸ்ல தமிழ் வரக் கூடாதுன்னு சில ஸ்கூல்ல ஃபைன் போடறாங்களாம், அந்த ஸ்கூல்ல எல்லாம் இந்த மாதிரி பதில் வரவே வராது.

தமிழ்ல பழைய சொல் ஒண்ணு இருக்கு இல்லையா, எள்ளு இல்லாம எண்ணெய் இல்ல, இலக்கியம் இல்லாம இலக்கணம் இல்லன்னு. தொல்காப்பியத்துல எழுத்து, சொல்லோட பொருளதிகாரத்தையும் சேர்த்துதான வச்சிருக்காங்க. இங்கிலீஷ் கிளாஸ்க்குள்ள நுழைஞ்சதும் நமக்கு ஏன் அது மறந்து போகுதுன்னு தெரியல.

வாரத்துல ஒரு நாள் வாக்கியம் சேர்க்கற வேலை வைங்க. மூணு சின்ன வாக்கியம் போதும், நீங்களே சொந்தமா எழுதிக்கலாம். 'த பஸ் ஸ்டாப்டு. த டிரைவர் காட் டவுன். ஹி வாஸ் ஆங்க்ரி.' இத ஒரே வாக்கியமா ஆக்கணும், எப்படி வேணா ஆக்கலாம். பாதி பேர் நடுவுல ஆண்ட் போட்டுடுவாங்க, சரி. ஒருத்தன் 'த டிரைவர், ஹூ வாஸ் ஆங்க்ரி, ஸ்டாப்டு த பஸ்'னு போவான், இது பெரிய விஷயம், ஏன்னா தமிழ்ல கோவமா இருந்த டிரைவர்னு அடைமொழி எல்லாம் முன்னாடியே வந்துடும், இங்கிலீஷ்ல ஆளச் சொல்லிட்டு பின்னாடி ஹூ போட்டு சொல்லணும், நம்ம பசங்க தடுக்கி விழற இடமே இதுதான், ரிலேட்டிவ் க்ளாஸ்னு (இந்த ஹூ போட்டு வர்ற துணை வாக்கியம்தான்) ரூல் எழுதிப் போட்டு நான் பாத்த வரைக்கும் யாருக்கும் வந்ததில்ல. வேற யாராவது 'ஆங்க்ரி, த டிரைவர் ஸ்டாப்டு த பஸ் அண்ட் காட் டவுன்'னு எழுதினா அத விடாதீங்க. எழுதலன்னா நீங்களே எழுதுங்க. மூணையும் போர்டுல ஒண்ணுக்கு கீழ ஒண்ணு போட்டு, எதுல கோவம் அதிகமா தெரியுதுன்னு கேட்டு கை தூக்கச் சொல்லுங்க. அப்புறம் பிளேக்கோட 'கிளாட் ஐ சீ'ய ஞாபகப்படுத்துங்க, அவரும் சந்தோஷத்த தூக்கி 'ஐ'க்கு முன்னாடிதான வச்சிருக்கார். அந்த நிமிஷம் கவிஞர் பண்ணதையேதான் நாமளும் பண்ணியிருக்கோம்னு பசங்க முகத்துல ஒண்ணு தெரியும் பாருங்க, அதுக்காகவே இந்த 5 நிமிஷத்த நான் விட்டுக் குடுக்கறதில்ல.

பங்க்சுவேஷனுக்கு ராபர்ட் ஃப்ராஸ்ட். அதுவும் 9ஆம் வகுப்புலதான் இருக்கு, பனியில குதிரை வண்டிய நிறுத்திட்டு காட்டப் பாத்துக்கிட்டு நிக்கற கவிதை, 1923ல வந்தது. 'த வுட்ஸ் ஆர் லவ்லி, டார்க் அண்ட் டீப்'. ஃப்ராஸ்ட் லவ்லிக்கு அப்புறம் மட்டும்தான் கமா போட்டார். அவர் செத்ததுக்கு அப்புறம் 1969ல வந்த தொகுப்புல அத எடிட் பண்ண லாத்தம், டார்க்குக்கு அப்புறமும் ஒரு கமா சேர்த்துட்டார், அதுக்கு பெரிய சண்டையே நடந்துச்சு. ரெண்டு மாதிரியும் போர்டுல எழுதி என்ன வித்தியாசம்னு கேளுங்க. ஒரு கமா இருந்தா, காடு அழகா இருக்கு, ஏன்னா இருட்டா ஆழமா இருக்குன்னு படிக்கலாம். ரெண்டு கமா போட்டா அழகு, இருட்டு, ஆழம்னு மளிகை லிஸ்ட் ஆயிடுது. ஒரு கமாவுக்காக பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுக்கிட்டாங்கன்னு சொன்னா பசங்க நம்பவே மாட்டாங்க, ஆனா அதுக்கப்புறம் கமாவ உப்பு மாதிரி தூவறது குறையும். அதே கவிதையில 'த ஒன்லி அதர் சவுண்ட்'ஸ் த ஸ்வீப்'னு ஒரு வரி, அந்த அப்பாஸ்ட்ரஃபி 'உடைய'ங்கறதுக்கு இல்ல, 'இஸ்' சுருங்கினது. அலிட்டரேஷனும், அதாவது ஒரே சத்தத்துல ஆரம்பிக்கற சொல் பக்கத்துல பக்கத்துல வர்றதும், அங்கயே இருக்கு, ஆனா எழுத்தப் பாத்து எடுக்கக் கூடாது சத்தத்த கேட்டு எடுக்கணும்னு அழுத்திச் சொல்லுங்க, இல்லன்னா பரீட்சையில தெரியும்ங்கற அர்த்தத்துல வர்ற 'நோ'வையும் 'கிங்'கையும் கே-ல ஆரம்பிக்குதுன்னு ஜோடி சேர்த்து எழுதி வச்சுட்டு வருவாங்க.

நடைமுறைக்கு சிலது. நோட்ட கரெக்‌ஷன் பண்ணாதீங்க, ஒரு செக்‌ஷனுக்கு 40 பேர்னு வச்சு நாலு செக்‌ஷன் தினமும் திருத்த ஆரம்பிச்சா அந்த மாசமே நிறுத்திடுவீங்க. எழுதினத மூணு பேர் எழுந்து படிக்கட்டும், தினம் வேற மூணு பேர், அது போதும். எழுத்துக் கூட்டி படிக்கறதுக்கே கஷ்டப்படற பசங்க எல்லா கிளாஸ்லயும் இருப்பாங்க, அவங்கள தனியா உக்கார வைக்காதீங்க, பக்கத்துல இருக்கறவன் வாய்விட்டு படிக்க இவன் என்ன மாறியிருக்குன்னு விரல் வச்சுக் காட்டட்டும். 5 நிமிஷம்னா 5 நிமிஷம், பேச்சு சூடு பிடிச்சு 20 நிமிஷம் போயிடுச்சுன்னா ஒரு நாள் பரவால்ல, தினமும் போச்சுன்னா போர்ஷன் முடியாது, அப்புறம் ஜனவரியில சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் வச்சு எல்லார் சாபமும் வாங்கணும். இந்த எரர் திருத்தற கேள்வி 10ஆம் வகுப்பு பொதுத்தேர்வுல வருதே அதுக்கு என்ன பண்றதுன்னு கேப்பீங்க. வருது. அத ரிவிஷன் டெஸ்ட் சமயத்துல கொஞ்ச நாள் தனியா போட்டுப் பழக்கிக்கலாம், அந்தக் கேள்வில திரும்பத் திரும்ப வர்ற தப்பு வகைய விரல் விட்டு எண்ணிடலாம், அதுக்காக ஜூன்லேருந்தே தினமும் தப்பு எழுதிப் போட வேண்டியதில்ல.

ஹெச்.எம்முக்கு ரெகார்டு வேணும்னா ரஃப் நோட்டுலயே தேதி போட்டு கடைசிப் பக்கத்துலேருந்து எழுதச் சொல்லுங்க, சி.இ.ஓ (மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்) விசிட் வந்தா அதையே எடுத்துக் காட்டிக்கலாம். லெசன் பிளான்ல ஒரு வரி போட்டா போதும். அப்புறம், முதல் வாரமே கவிதையில இறங்காதீங்க, பசங்க பயந்துடுவாங்க. அந்த பஸ் டிரைவர் மாதிரி ரெண்டு மூணு நாள் போட்டு, எழுதினா திட்டு விழாதுன்னு அவங்களுக்கு தெரிஞ்சதுக்கப்புறம் பிளேக்க எடுங்க.