இணையவழிப் பாடம் வந்தபின் ராணுவத்தில் பயிற்றுநருக்கு என்ன வேலை?

பாடமே கணினியில் இருக்கும்போது உஸ்தாத், அதாவது பயிற்றுநர், எதற்கு என்று உங்களிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தபோது, நான் ஒரு பயிற்சி மையத்தில் மேப் ரீடிங் (வரைபடம் பார்த்து இடமும் திசையும் அறிதல்) கற்பித்துக்கொண்டிருந்த ஹவில்தார். வகுப்பில் கூட்டம் கூடாது என்பதால் பாடம் மையத்தின் உள்வலைக்கு மாறியது: பதிவுசெய்த விரிவுரை, இறுதியில் இருபது வினாக்கள். பிறகு திடலுக்குச் சென்ற முதல் நாளில், இருபதுக்கு இருபது வாங்கிய ஒரு ஜவான், தோளில் துப்பாக்கியுடன், நிறுத்தியிருந்த வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்று, பிரிஸ்மாட்டிக் காம்பஸை (கண்ணருகே வைத்துப் பார்க்கும் திசைகாட்டி) பிடித்துத் திசைக்கோணம், அதாவது வடக்கிலிருந்து எத்தனை பாகை என்று, சொன்னார். அவர் கணக்குக்கும் என் கணக்குக்கும் 12 பாகை வித்தியாசம். ஒரு பாகை பிசகினாலே ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 17 மீட்டர் விலகும் என்பதால், 2 கிலோமீட்டர் நடந்து சேரும்போது அவர் 400 மீட்டருக்கு மேல் தள்ளி நின்றிருப்பார். இரும்புக்கு அருகில் காம்பஸ் பிசகும் என்பது அவர் சரியாக விடையளித்திருந்த வினாக்களில் ஒன்று. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதுவரை அவருடைய கையை யாரும் பார்க்கவில்லை.

கணினிக்கு அஞ்சும் பழைய ஆளின் புலம்பல் இது என்று சிலர் எழுதக்கூடும். உண்மை வடக்கு (வட துருவத்தின் திசை), கட்ட வடக்கு (வரைபடத்தின் கட்டக்கோடுகள் காட்டும் திசை), காந்த வடக்கு (காம்பஸ் முள் காட்டும் திசை) ஆகிய மூன்றையும் நான் கரும்பலகையில் வரைந்ததைவிட விரிவுரையில் இருந்த அசைபடம் தெளிவாகவே விளக்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விரிவுரை என் கையைவிட்டுப் போனபின் வேலை குறையவில்லை, இடம் மாறியது. இரவில் விடைப்பதிவைத் திறந்து, தவறிய விடைகளைவிட, ஆறிலக்கக் கட்டக் குறியீட்டை (வரைபடத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும் எண்) நான்கே விநாடியில் சொன்னவர்களைத் தேடினேன். அளவுகோல் வைத்து அளப்பவருக்கு அந்த நேரம் போதாது. மறுநாள் அவர்களை ஒவ்வொருவராக அழைத்து, வரைபடத்தை விரித்து, என் கண்முன் அளக்கச் சொன்னேன். கிழக்கு எண்ணை முதலில் படிக்காமல் வடக்கு எண்ணைப் படித்தவர்கள் அப்போதுதான் அகப்பட்டார்கள்.

அலுவலகம் பார்த்ததோ 'முடித்தவர் 100 சதவீதம்' என்ற கட்டத்தை மட்டும்தான். அதைக் காட்டி, முப்பது பேருக்கு ஒரு பயிற்றுநர் என்றிருந்ததை 120 பேருக்கு ஒருவர் என்றாக்கினார்கள். அந்த இரவுகள் என் பணிக்குறிப்பில் 'கணினி அறை மேற்பார்வை' என்றே பதிவாகியுள்ளன.