சீனாவுக்குச் சென்ற பாதிரியார்கள் ஐரோப்பிய அறிவியலை மனமுவந்து பகிர்ந்தார்களா, மதமாற்றத்துக்கான தூண்டிலாகப் பயன்படுத்தினார்களா?

மதம் பரப்பவே அவர்கள் சென்றார்கள். ஆயினும் தூண்டில் என்ற ஒரு சொல்லில் இதை முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. பள்ளியில் வடிவியல் கற்பிப்பவன் என்பதால், பண்டைய கிரேக்கக் கணிதர் யூக்ளிடின் வடிவியல் நூல் சீன மொழிக்குச் சென்ற வரலாற்றிலிருந்தே விடை தேடுகிறேன்.

இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி மத்தேயோ ரிச்சி 1582இல் சீனக் கடற்கரையில் போர்த்துக்கீசியர் குடியேறியிருந்த மக்காவ் நகருக்கு வந்து, சீன மொழியையும் கன்பூசிய நூல்களையும் ஆழ்ந்து கற்று, 1601இல் பெய்ஜிங்கில் குடியேறினார். அங்கே அவருடன் இணைந்தவர் 1603இல் கிறித்தவம் தழுவிய அறிஞர் ஷூ குவாங்சி. ரோமில் ரிச்சிக்கு ஆசிரியராக இருந்த கிளாவியஸ் உரையுடன் பதிப்பித்த யூக்ளிடின் லத்தீன் நூலை ரிச்சி வாய்மொழியாக விளக்க, ஷூ அதைச் சீனத்தில் எழுதி, திரும்பத் திரும்பத் திருத்தி, 1607இல் முதல் 6 பாகங்கள் வெளிவந்தன. கணக்குப் போடுவதில் சீனர்கள் எவருக்கும் சளைத்தவர்கள் அல்லர். ஆனால் சில அடிப்படைகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு தேற்றத்தையும் அதற்கு முன் நிறுவியவற்றைக் கொண்டே நிறுவிச் செல்லும் அந்த ஒழுங்கு அவர்களுக்குப் புதிது. அதற்கான கலைச்சொற்களை உருவாக்கிய உழைப்பில் பெரும்பங்கு ஷூவுடையது என்றே கருதுகிறேன். நூலின் தலைப்பிலிருந்த 'ஜிஹே' என்ற சொல்தான் இன்றும் சீனப் பள்ளிகளில் வடிவியலின் பெயர்.

எஞ்சிய பாகங்களையும் மொழிபெயர்க்க ஷூ ஆவலாக இருந்தார். தம் நோக்கத்துக்கு இவ்வளவு போதும் என்று ரிச்சி நிறுத்திக்கொண்டார். உங்கள் கேள்விக்கான விடை எனக்கு இந்த இடத்தில்தான் தெரிகிறது. கொடுத்தது உண்மையான அறிவியல். எதுவரை கொடுப்பது என்பதை முடிவு செய்தது மதப்பணி. மீதி 9 பாகங்கள், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த அலெக்சாண்டர் வைலியும் கணித அறிஞர் லி ஷான்லானும் சேர்ந்து 1857இல் நிறைவு செய்யும்வரை, 250 ஆண்டுகள் காத்திருந்தன.

வானியலில் அந்த எல்லை இன்னும் வருத்தம் தருவது. 1629 ஜூன் 21 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை அரசவையின் பழைய முறைகளைவிட ஐரோப்பிய முறையில் ஷூ துல்லியமாகக் கணித்ததால், நாட்காட்டியைத் திருத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது. அப்பணியில் சேர்ந்த பாதிரியார் யோகான் ஷ்ரெக், கிரகணக் கணிப்புக்கு உதவி வேண்டிக் கலிலியோவை அணுகியும் பதில் கிடைக்கவில்லை. ஜெர்மன் வானியலாளர் கெப்ளர் பதில் எழுதினார். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையைத் திருச்சபை 1616இல் கண்டித்திருந்ததால், பூமி அசையாமல் நிற்க, சூரியன் அதைச் சுற்ற, மற்றக் கோள்கள் சூரியனைச் சுற்றும் டைகோ பிராஹேவின் அமைப்பையே அவர்கள் சீனத்தில் எழுதினார்கள். சூரியனை மையமாகக் கொண்ட அமைப்பை மிஷேல் பெனுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் சியான்லோங் பேரரசருக்கு விளக்கியது 1760ஐ ஒட்டித்தான். ஐரோப்பாவில் நிகழ்ந்த பெரும் மாற்றத்தைச் சீன வானியலாளர்கள் தாமதமாக அறிய நேர்ந்ததற்கு அவர்களுடைய மந்தம் காரணமென்று யாரேனும் எழுதினால், அதை என்னால் ஏற்க முடியாது.

பாதிரியார்களும் இதற்காகத் துன்பம் அனுபவித்தார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. அப்போது சீனாவை ஆண்ட சிங் அரசின் வானியல் துறைத் தலைவரான பாதிரியார் ஆடம் ஷால், கிறித்தவத்தை எதிர்த்த யாங் குவாங்சியன் சுமத்திய குற்றச்சாட்டால் 1665இல் மரண தண்டனைக்கு உள்ளாகி, அவ்வேளையில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைத் தொடர்ந்து விடுவிக்கப்பட்டு, மறு ஆண்டே இறந்தார். அவருடன் பணியாற்றிய சீன வானியலாளர்கள் 5 பேருக்கோ அந்த விடுதலை கிட்டவில்லை. அவர்கள் தலை வெட்டப்பட்டது. அடுத்து வந்த ஃபெர்டினாண்ட் வெர்பீஸ்ட், நண்பகல் நிழலின் நீளத்தை முன்கூட்டியே கணித்துக் காட்டி இளம் காங்சி பேரரசரின் நம்பிக்கையைப் பெற்றார். அவர் வடிவமைத்த 6 வெண்கலக் கருவிகள் பெய்ஜிங்கின் பழைய வானாய்வகத்தில் இன்றும் இருக்கின்றன. கருவிகள் ஐரோப்பிய முறையில் அமைந்தவை, அவற்றைத் தாங்கும் டிராகன்கள் சீன வார்ப்புக் கலைஞர்களின் கைவண்ணம்.