தெரியாமல் கொடுக்கும் மாத்திரை

அன்புள்ள சார்,

எங்களுடையது சின்ன ஊர். என் தம்பிக்கு முப்பத்து நான்கு வயது, பத்து வருடமாகக் குடிக்கிறான். ஒரு வருடமாகத் தூக்க மாத்திரையும் சேர்ந்துகொண்டது. போன வருடம் வெளியூரில் ஒரு மறுவாழ்வு மையத்தில் 28 நாள் வைத்திருந்தோம். நன்றாகத்தான் திரும்பி வந்தான். மூன்றாவது வாரம் மறுபடி குடித்துவிட்டான். இங்கே மனநல மருத்துவர் கிடையாது. உள்ளூர் டாக்டரிடம் போனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அவனுக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியே பிடிக்காமல் போய்விடும் என்று உறவினர் ஒருவர் ஒரு அட்டை மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். டைசல்ஃபிராம் என்று போட்டிருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. குடி உண்மையிலேயே நோயா, திமிரா? மறுபடியும் மையத்துக்கு அனுப்புவதில் பிரயோஜனம் உண்டா?

க. (பெயர் வேண்டாம்)

அன்புள்ள க.,

"இன்னும் கொடுக்கவில்லை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். கொடுக்காதீர்கள். என் மாமாவைப் பற்றி எழுத வேண்டும் என்று பல மாதமாக நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், உங்கள் கடிதம் வந்து உட்காரவைத்துவிட்டது.

நோயா திமிரா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வம் போய்விட்டது. பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் தாமஸ் டிராட்டர் 1804லேயே அது மனதின் நோய் என்று எழுதிவிட்டார். இருநூறு வருடத்துக்கு மேலாக நாம் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். திமிர் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், திமிர் பிடித்தவனுக்குக் கால் உடைந்தால் கட்டுப் போட மாட்டீர்களா?

28 நாள் விஷயமும் அப்படித்தான். அது நிர்வாக வசதிக்கு ஏற்பட்ட கணக்கு, மூளை நாட்காட்டி பார்த்துக் குணமாவதில்லை. சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் திரும்பவும் தொடுகிறார்கள் என்று 2000ல் வந்த ஒரு புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. ரத்த அழுத்தக்காரர்களுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் நோய் திரும்புகிற கணக்கு இதைவிடக் குறைவில்லை என்றும் அதே கட்டுரை சொல்கிறது. பிரஷர் ஏறியவனைப் பார்த்து "பணமெல்லாம் வீண்" என்று யாரும் தலையில் அடித்துக்கொள்வதில்லை. மூன்றாவது வாரம் தம்பி குடித்த அன்று அந்த மையத்துக்கு ஒரு போன் செய்தீர்களா? செய்திருக்க மாட்டீர்கள். வெட்கம்.

அந்த வெட்கத்துக்கு வருகிறேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிறீர்கள். உங்கள் தம்பி எந்தத் திருப்பத்தில் விழுந்து கிடந்தான், யாரிடம் எவ்வளவு கைமாற்று வாங்கினான், யார் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டார்கள் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். சின்ன ஊர் என்றால் உங்களுக்கு முன்னாலேயே தெரியும். நீங்கள் இத்தனை பாடுபட்டு மறைத்து வைத்திருப்பது அவனுக்கு வைத்தியம் பார்த்ததை மட்டும்தான். அதைப் போய் ஏன் மறைக்கிறீர்கள்? 1935ல் நியூயார்க்கிலிருந்து ஆக்ரன் நகரத்துக்கு வியாபார விஷயமாக வந்த பில் வில்சன், அப்போதுதான் குடியை விட்டிருந்தவர், காரியம் கெட்டுப்போய், குடிக்கத் தோன்றிய நேரத்தில் ஓட்டலில் இருந்தபடி ஒரு தேவாலயப் பாதிரியாருக்குப் போன் செய்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் கிடைப்பாரா என்று தேடினார். கிடைத்தவர் பாப் ஸ்மித், அதே ஊர் அறுவை மருத்துவர். குடிகாரர்கள் குடியை விட ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் அவர்களிடம் கட்டடமும் கிடையாது, மனநல மருத்துவரும் கிடையாது, இரண்டு பேர் உட்கார ஓர் இடம் இருந்தது.

(ஆக்ரன் அந்தக் காலத்தில் ரப்பர் டயருக்குப் பேர்போன ஊர். உங்கள் கையில் இருக்கும் மாத்திரையும் ரப்பர் தொழிலிலிருந்து வந்ததுதான். தற்செயல், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

ரப்பர் தொழிலுக்கான ஒரு ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களுக்குக் குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்வதில்லை என்று 1937ல் அமெரிக்காவில் ஓர் ஆலை மருத்துவர் எழுதினார். அப்புறம் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகொப்சன் என்ற இருவர் அதற்கு நெருங்கிய உறவான டைசல்ஃபிராமைக் குடல்புழு மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று பார்க்கத் தாங்களே விழுங்கினார்கள். அதன்பிறகு மதுவைத் தொட்டதும் படாத பாடு பட்டார்கள். 1948ல் அதைப் பிரசுரித்தார்கள். குடித்த சாராயம் உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாறி, பிறகு அதுவும் உடைந்து வெளியேற வேண்டும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது படியை அடைத்துவிடுகிறது. நஞ்சு தேங்குகிறது. முகம் சிவக்கும், தலை தெறிக்கும், வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் பதினான்கு நாள் வரை இந்த ஆபத்து இருக்கிறது. நோயாளிக்கு முழுதாகத் தெரியாமல் ஒருபோதும் தரக்கூடாது என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது.

உறவினர் சொல்வதுபோல இது குடிமேல் வெறுப்பையெல்லாம் வரவழைக்காது. குடிக்கும் ஆசையைக்கூட இது குறைப்பதில்லை. காலையில் விழுங்கியவனுக்கு "இன்றைக்கு என்னால் குடிக்க முடியாது" என்று தெரியும், அந்தத் தெரிதல்தான் வேலை செய்கிறது. யாருக்கு நிஜ மாத்திரை, யாருக்குப் போலி என்று சொல்லாமல் நடத்திய ஆய்வுகளில் இரு தரப்புக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. தெரிந்தே விழுங்கியவர்களிடம் பலன் இருந்தது, ஒருவர் கண்முன்னால் விழுங்கியவர்களிடம் இன்னும் அதிகமாக. அவனுக்குத் தெரியாமல் கலக்கும்போது மருந்தில் வைத்தியமாக இருக்கும் பாதியை எடுத்துவிட்டு, விஷமாக இருக்கும் பாதியை மட்டும் ஊட்டுகிறீர்கள். ஏன் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பதினோரு வயதில் அந்த மாத்திரையைக் கரண்டியின் பின்பக்கத்தால் பொடித்தது நான்.

மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். யாரோ கொடுத்த அட்டை, உங்களுக்குக் கிடைத்த மாதிரியே. அம்மா அழுதுகொண்டே கலந்தாள், அதையும் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் இரவு மாமா முகமும் கழுத்தும் செக்கச்செவேலென்று வந்து வாசலிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று. அம்மா "ஒன்றுமில்லை" என்றாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாரடைப்பு என்று நினைத்து அவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

பிழைத்துக்கொண்டார். ஒரு மாதம் கழித்து, தாங்க முடியாமல் நானே அவரிடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "நீயா பொடிச்சே?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ஒன்பது வருடம் அவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடத் தானே மொண்டு குடிப்பார். குடி மட்டும் நிற்கவில்லை. அம்மாவுக்கு அதில் எது அதிகம் வலித்தது என்று நான் கேட்டதில்லை.

அப்புறம் அவராகவே ஒரு டாக்டரைப் பார்த்தார், ஊரில் இருந்த சாதாரணப் பொது மருத்துவர்தான். ஈரலும் இதயமும் சோதித்துவிட்டு அவர் எழுதிக் கொடுத்தது அதே டைசல்ஃபிராம். காலையில் அம்மா அட்டையை நீட்டுவாள். மாமா வாங்கிப் பெயரைப் படிப்பார், பின்பக்கத் தேதியையும் படிப்பார், தானே கிழித்து அவள் கண்முன் விழுங்குவார். பதினான்கு மாதம் கழித்து ஒருமுறை சறுக்கினார். இரண்டு வாரம் மாத்திரையை விட்டுவிட்டுக் குடித்தேன் என்று அவரே வந்து சொன்னார். மறுபடி ஆரம்பித்தார்கள்.

உங்கள் தம்பி விஷயத்தில் இந்த மாத்திரை முதல் படியே அல்ல. குடியும் தூக்க மாத்திரையும் மூளையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் பிரேக் போடுகின்றன. சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு அடங்கலாம். நாள்பட்டபின் இரண்டையும் திடீரென்று நிறுத்தினால், பிரேக் பழக்கப்பட்ட மூளை தறிகெட்டு ஓடும். கைநடுக்கம், வலிப்பு, அப்புறம் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற பிதற்றல். சிலர் இதில் செத்துப்போகிறார்கள். ஆகவே அறையில் பூட்டிவைத்துத் திருத்துகிறேன், சத்தியம் வாங்குகிறேன் என்று உறவினர் யாராவது கிளம்பினால் வாசலிலேயே நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைப்பது ஒரு மருத்துவர் கண்காணிப்பில் நடக்க வேண்டும், வைட்டமின் பி1 உட்பட. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாதிரி வேறு மருந்துகளும் உண்டு, எது சரி என்று அவர் சொல்லட்டும்.

மையத்துக்கு மறுபடி அனுப்புவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா, அதை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து தம்பியிடமே கேளுங்கள். நாளைக் காலை, ஆள் தெளிவாக இருக்கும் நேரத்தில், அந்த அட்டையை அவன் முன்னால் வைத்து, இதைக் கலக்கச் சொன்னார்கள், நான் கலக்கவில்லை என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். பிறகு அட்டையையும் எடுத்துக்கொண்டு இருவருமாக உள்ளூர் டாக்டரிடம் போங்கள், பகலில், எல்லோரும் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்.