ஏற்றுமதிக் கணக்கில் காணாமல் போகும் வரிகள்: கேள்வி பதில்

வெளிநாட்டு வர்த்தகப் புள்ளிவிவரத்தில் சில எண்களை ஏன் மறைக்கிறார்கள் என்று நம் பக்கத்துத் தோல், ஷூ தொழில் நண்பர்கள் பலர் கேட்டிருந்தார்கள். தெரிந்தவரை சொல்கிறேன். இங்கே ‘வரி’ என்றால் பட்டியலில் ஒரு சரக்குக்கு உரிய வரிசை, டாக்ஸ் அல்ல. ‘கோடு’ என்றால் சரக்கு வகையைக் குறிக்கும் எண். ஜி.எஸ்.டி., டிராபேக் (ஏற்றுமதியாளருக்குத் திரும்பக் கிடைக்கும் சுங்கப் பணம்) கேள்விகளை இங்கே கேட்க வேண்டாம்.

ஆம்பூர், ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) ஏற்றுமதி: சார், மாதாமாதம் ஐரோப்பாவுக்குக் கன்டெய்னர் போகிறது. அந்த நாட்டு இறக்குமதிக் கணக்கில் 8 இலக்கக் கோடு போட்டுத் தேடினால் எங்கள் வரியில் ஒன்றுமே இல்லை. கணக்கில் விட்டுவிட்டார்களா?

முதலில் உங்கள் பையர் அங்கே எந்தக் கோடில் இறக்குமதி செய்கிறார் என்று கேளுங்கள் பாய். கோடு மாறியிருந்தால் விஷயம் அதோடு முடிந்தது. கோடு அதேதான் என்றால், வரியை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் வெளிநாட்டு வர்த்தகக் கணக்கைப் பொறுத்தவரை, கம்பெனி தானாக எழுதிக் கேட்டால்தான் மறைப்பார்கள். அந்த எண்ணை வைத்துக் கம்பெனியை அடையாளம் காண முடியுமா என்று அலுவலகம் பார்த்து முடிவெடுக்கும். வேறு சில நாடுகளில் யாரும் கேட்காமலே அலுவலகமே ஒவ்வொரு வரியையும் சோதித்து மறைக்கும்.

மறைத்தாலும் சரக்கின் மதிப்பு தொலைந்து போகாது, இடம்தான் மாறும். ரகசியம் கெடாத அடுத்த மேல் மட்டத்தில் காட்டுங்கள் என்பது ஐ.நா.வின் 2010 வழிகாட்டுதல். அதனால் 8 இலக்கத்தில் இல்லையென்றால் ஷூ அப்பருக்கான 6 இலக்கக் கோடு 6406.10-க்கு ஏறிப் பாருங்கள், அங்கேயும் இல்லையென்றால் 4 இலக்கத்தில் 6406. சில நாடுகள் 99-ஆம் அத்தியாயத்தில் கொண்டுபோய்ப் போடும். ஐ.நா.வின் வர்த்தகத் தரவுத்தளமான காம்ட்ரேடில் 999999 என்று ஒரு கோடு இருக்கிறது. இனம் குறிப்பிடாத சரக்கெல்லாம் அதில்தான் சேரும். காலி வரி என்றால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

வேலூர், எம்.காம். மாணவி: ஒரு வரியை மறைத்தால் போதாதா சார்? பக்கத்து வரியையும் சேர்த்து மறைக்கிறார்களே?

நல்ல கேள்விம்மா. ஒரு தலைப்பின் மொத்தம் 100, அதன் கீழ் மூன்று வரிகள் 60, 30, 10 என்று வையுங்கள். 10-ஐ மட்டும் மறைத்தால் 100-இல் 90-ஐக் கழித்து யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். இன்னொரு வரியையும் மறைத்தால்தான் முதல் மறைப்புக்குப் பலன்.

இரண்டே பேர் அனுப்பும் சரக்கில் நிலைமை இன்னும் மோசம். மொத்தம் 50 லட்சம், என்னுடையது 30 என்றால் மீதி 20 உங்களுடையது. கிலோ கணக்கும் வெளியானால் உங்கள் ரேட்டே என் கையில். அதனால்தான் பல நாடுகளில் ஒரு வரியில் குறைந்தது மூன்று கம்பெனியாவது இருக்க வேண்டும் என்று விதி. பத்துப் பேர் இருந்தாலும் ஒருவரிடமே பெரும்பங்கு இருந்தால், இரண்டாம் இடத்தில் இருப்பவர் தன் கணக்கைக் கழித்துவிட்டு அவருடையதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். அதற்கும் தனி விதி உண்டு.

குடியாத்தம்: டிராபேக் பணம் இன்னும் வரவில்லை, என்ன செய்வது?

உங்கள் சி.எச்.ஏ.விடம் (சுங்க ஏஜென்ட்) கேளுங்கள்.

ராணிப்பேட்டை: நம் நாட்டுக் கணக்கை யார் தொகுக்கிறார்கள்?

கொல்கத்தாவில் இருக்கும் வர்த்தகப் புள்ளிவிவர அலுவலகமான டி.ஜி.சி.ஐ.எஸ். வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது. கோடு வாரியாக, நாடு வாரியாகக் கிடைக்கும். கம்பெனி பெயர் இருக்காது.

வாணியம்பாடி: போட்டிக் கம்பெனியின் ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தரும் ஆவணம்) விவரம், பையர் பெயர், ரேட் எல்லாம் தருவதாக வாட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். சுங்கச் சட்டத்தில் 2022-இல் 135ஏஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஏற்றுமதி இறக்குமதிச் சரக்கின் மதிப்பு, அளவு, கோடு, யார் அனுப்பினார் என்ற விவரங்களை, சட்டம் கேட்காமலும் அந்தக் கம்பெனியின் அனுமதி இல்லாமலும் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாங்கி நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்தால் நீங்களும் வெளியிட்டவர் என்று ஆகிவிடலாம்.

பேரணாம்பட்டு, சிறு டானரி (தோல் பதனிடும் ஆலை): அமெரிக்காவில் கப்பல் மேனிஃபெஸ்ட்டில் (சரக்குப் பட்டியல்) கம்பெனி பெயரே வெளியே வருகிறது. இங்கே மூடி வைத்தால் பெரியவர்களுக்குத்தான் லாபம். எங்களுக்கு மார்க்கெட் ரேட் தெரிய வேறு வழி ஏது?

மேல்விஷாரம், ஏற்றுமதியாளர்: அண்ணே, எங்கள் ரேட் வெளியே போனால் மறுநாளே பையர் அதைக் காட்டிப் பேரம் பேசுவார். அந்த அடி சின்ன டானரிக்கும் சேர்த்துத்தான் விழும்.

இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அமெரிக்க மேனிஃபெஸ்ட்டில் பெயர், பெட்டிகள், எடை உண்டு, விலை கிடையாது. புள்ளிவிவரத்தில் விலை உண்டு, பெயர் கிடையாது. ஒரு கோடில் ஒரே ஆள் இருந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரகசியம் போச்சு. அங்கேயும் இறக்குமதியாளர் கேட்டால் தன் பெயரையும் தனக்கு அனுப்புபவர் பெயரையும் இரண்டு வருடத்துக்கு மறைத்துக்கொள்ளலாம்.

பேரணாம்பட்டு: மேல் மட்டத்துச் சராசரியை வைத்து நான் என்ன செய்வேன் சார்? ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் கலந்த ரேட் எனக்கு எதற்கு?

உண்மைதான், அந்தக் கலப்புச் சராசரி உங்களுக்கு உதவாது. பதப்படுத்தி முடித்த ஆட்டுத் தோலுக்கு 4113.10 வரி திறந்திருக்கும் நாடுகளாகப் பார்த்து எடுங்கள், மதிப்பை அளவால் வகுங்கள், அளவு எந்த அலகில் இருக்கிறது என்றும் பாருங்கள். வரி மூடியிருக்கும் நாட்டை விட்டுவிடுங்கள். ஒரு பெரிய கம்பெனி கேட்டதற்காக ஒரு வரியே எல்லோருக்கும் மூடிப்போவதும், வருடக்கணக்கில் மறுபரிசீலனை இல்லாமல் அப்படியே கிடப்பதும் தவறு என்பது என் உறுதியான கருத்து. மறைப்புக்குக் காலக்கெடு வேண்டும்.

திருப்பத்தூர்: எங்கள் கோடில் பூஜ்யம் காட்டுகிறதே?

ஆம்பூர் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

ஆற்காடு: காலி வரி என்றால் வியாபாரம் இல்லை என்றுதானே?

இல்லை. இதற்கு மேலேயே பதில் இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

வேலூர்: நம் ஏற்றுமதிக் கணக்கைவிட அவர்களுடைய இறக்குமதிக் கணக்கு அதிகமாக இருக்கிறது. இதுவும் மறைப்புதானா?

அவசியமில்லை. நாம் எப்.ஓ.பி.யில், அதாவது நம் துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையிலான மதிப்பில் எழுதுகிறோம், அவர்கள் கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் சேர்த்து சி.ஐ.எஃப்.பில் எழுதுகிறார்கள். டிசம்பரில் ஏற்றிய சரக்கு ஜனவரியில் இறங்கும், அதனால் அவர்கள் கணக்கில் அடுத்த வருடத்தில் சேரும்.

மேல்விஷாரம்: ஐரோப்பியக் கணக்கில் எங்கள் வரியை மறைக்க நாங்களே எழுதலாமா?

அந்த நாட்டுக் கணக்கில் இறக்குமதியாளர் உங்கள் பையர்தான். அவர்தான் அங்குள்ள புள்ளிவிவர அலுவலகத்துக்கு எழுத வேண்டும். 8 இலக்கக் கோடையும், அந்த வரியில் தன் பங்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.