மலை ஏறும்போது ஏசி நிற்கிறதா? கிளட்ச் செட் வாங்கும் முன் ஷிம்மைப் பாருங்கள்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் ஏசி நன்றாக ஓடுகிறது. பர்லியார் தாண்டினால் நின்றுவிடுகிறது. குன்னூர் வந்து அரை மணி நேரம் வண்டி ஆறினால் மறுபடி ஓடுகிறது. கம்ப்ரசர் கிளட்ச் செட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: முடியும். கிளட்ச் கம்ப்ரசருக்கு வெளியே, ஷாஃப்ட் முனையில் இருப்பதால் குழாய் எதையும் கழற்ற வேண்டாம், கேஸும் போகாது. ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முழு செட் தேவைப்படாமலே போகலாம்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பல வண்டிகளில் கம்ப்யூட்டரே கம்ப்ரசரைச் சில நொடி துண்டிக்கும். என்ஜின் சூடு எல்லை மீறினாலும் அப்படித்தான். காலைத் தளர்த்தியதும் குளிர்காற்று திரும்பினால் அது கோளாறே இல்லை. சூடு ஆறும்வரை வராவிட்டால்தான் கிளட்ச் மேல் சந்தேகம்.

காரணம் எளிது. பெல்ட் சுற்றும் புல்லி, மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகும் காயில், அந்தக் காந்தம் இழுத்ததும் புல்லியோடு ஒட்டிக் கம்ப்ரசரைச் சுற்றும் தட்டு, இந்த மூன்றும்தான் கிளட்ச் செட். காயிலின் செம்புக் கம்பி சூடானால் மின்தடை ஏறும். 20 டிகிரியில் 3.6 ஓம் காட்டும் காயில் 100 டிகிரியில் ஏறக்குறைய 4.7 ஓம் காட்டும். 12 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் இழுத்தது 2.5 ஆகக் குறைகிறது, காந்தமும் தளர்கிறது. தேய்மானத்தால் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி கூடியிருந்தால் அந்தக் காந்தத்துக்குத் தட்டை இழுக்கத் தெம்பு போதாது. ஏசி நின்ற நேரத்தில் காயில் கனெக்டரில் 12 வோல்ட் வந்தும் தட்டு சுற்றவில்லையென்றால் விஷயம் இதுதான். வோல்ட்டே வரவில்லையென்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், எர்த் பக்கம் தேடுங்கள். பெல்ட் ஓடும்போது குச்சியால் தட்டைத் தள்ளிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், கை போய்விடும்.

என்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூன்று இடங்களில் அளங்கள். பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டும். உங்கள் வண்டி மேனுவல் சொல்லும் எண்ணே இறுதி. 0.8, 0.9 என்று காட்டினால் நடு போல்ட்டைக் கழற்றித் தட்டை எடுத்து, உள்ளே இருக்கும் ஷிம்களில், அதாவது இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வாஷர்களில், ஒன்றை எடுத்துவிட்டு மறுபடி அளங்கள். செலவில்லாமல் வேலை முடிந்துவிடலாம். அதற்காக ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள். ஏசி அணைத்திருக்கும்போதும் தட்டு உரசிக் கருகும்.

ஷிம் எல்லாம் எடுத்தும் இடைவெளி அடங்கவில்லை, தட்டு நீலம் பாய்ந்திருக்கிறது, மீட்டர் வைத்தால் காயில் தொடர்பே காட்டவில்லை, அல்லது ஏசி அணைத்திருக்கும்போதே புல்லி பேரிங் இரைகிறது என்றால் செட் மாற்றுங்கள். மாற்றும் முன் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான இறுக்கத்தோடு சீராகச் சுற்ற வேண்டும். சிக்கினால் கம்ப்ரசரே பழுது. புதுக் கிளட்ச்சும் எரிந்துபோகும். தட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஷாஃப்ட் சீல் கசிகிறது. அது கேஸ் இறக்கிச் செய்யும் ஒர்க்ஷாப் வேலை. செட் வாங்க கோவை போகும்போது கம்ப்ரசர் ஸ்டிக்கரின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புல்லியின் விட்டமும் பள்ளங்களின் எண்ணிக்கையும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

மலை வீடுகளில் சமதளம் கிடைப்பதே பாடு. சரிவில் ஜாக்கி போடவே போடாதீர்கள். சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக் ஸ்டாண்டில் நிறுத்தியபின் அடியில் நுழையுங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் வழியைப் படம் எடுத்துவிட்டு அவிழுங்கள். தட்டு வரவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பக் கூடாது, வளைந்துவிடும். பல தட்டுகளில் நடுவே மரை இருக்கும், பொருந்தும் போல்ட்டை அதில் முறுக்கினால் தானே வெளியே தள்ளும். ஷிம்கள் ஷாஃப்ட்டிலோ தட்டின் உட்புறமோ ஒட்டியிருக்கும், தொலைத்துவிடாதீர்கள். புல்லியையும் காயிலையும் பிடித்திருக்கும் சர்க்ளிப் (வில் வளையம்) கழற்றும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். புல்லி இறுகியிருந்தால் புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போடுங்கள். சுத்தியலால் ஷாஃப்ட்டை ஒருபோதும் தட்டாதீர்கள், உள்ளே சீல் போய்விடும்.

புதுக் காயிலில் துருத்தி நிற்கும் சின்ன முளை கம்ப்ரசர் முகப்பின் துளையில் உட்கார வேண்டும். சர்க்ளிப் பள்ளத்தில் முழுக்க இறங்கியதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புல்லி எங்கும் உரசாமல் சுற்ற வேண்டும். நடு போல்ட்டை மேனுவல் சொல்லும் டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) மட்டும் முறுக்குங்கள்; சின்ன போல்ட், அதிகம் இறுக்கினால் அறுந்துவிடும். இடைவெளியை மீண்டும் அளங்கள். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் ‘டக்’ என்று பிடிக்க வேண்டும். சில காயில்களில் டயோடு உண்டு, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது.

பெல்ட் மாட்டி, 1,500 ஆர்.பி.எம்.மில் ஏசியை பத்து நொடி போட்டு, பத்து நொடி அணைத்து, இருபது முறை செய்யுங்கள். புதுத் தட்டின் முகம் புல்லியோடு படிய இது வேண்டும். நேராக மலை ஏறினால் வழுக்கிக் கருகும்.

ஊட்டி, குன்னூர் வண்டிகளில் ஏசி மாதக்கணக்கில் தூங்குவதால் தட்டு துருப்பிடித்துவிடும், சீலும் காய்ந்துபோகும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டுங்கள். மூடுபனியில் ஹீட்டரோடு சேர்த்துப் போட்டால் முன்கண்ணாடியும் சீக்கிரம் தெளியும்.