பிரஷைத் திறக்க முதல் பிளக் பொயின்டைப் பாருங்கள்

கேள்வி: கொட்டகலைப் பக்கம் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கிறேன். குவைத்தில் இருக்கும் தம்பி, சார்ஜ் பண்ணிப் பாவிக்கும் டூத் பிரஷ் ஒன்று அனுப்பியிருந்தான். பிளக்கில் இரண்டு உருண்டைப் பின்தான் இருக்கிறது. பொயின்டுக்குள் போகாததால், மேல் துவாரத்தில் பேனா மூடியை விட்டுத் திறந்துகொண்டு சொருகுகிறோம். இரவில் ஒரு மணித்தியாலம் சார்ஜ் போட்டும் இரண்டு நாளில் நின்றுவிடுகிறது. டவுனில் போன் திருத்தும் கடையில் காட்டினோம். "பெட்டரி செத்துப்போச்சு, மாற்ற 6,500 ரூபாய்" என்கிறார்கள். எந்நேரமும் ஸ்டாண்டிலேயே வைக்கலாமா? பில் கூடுமா? ஈரக்கையோடு தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று மாமியார் பயப்படுகிறார். ஒரே பிரஷை வீட்டில் எல்லோரும் பாவிக்கலாமா?

பதில்: டீச்சர், முதல் வேலையாக அந்த மூடியை எடுத்துப் பேனாவிலேயே போட்டுவிடுங்கள். பெட்டரியைப் பிறகு பார்ப்போம். உங்கள் பிரஷுக்கு வந்த நோயில் பாதி அந்த மூடியால் வந்தது.

சதுரப் பின் பொயின்டின் மேல் துவாரம் எர்த்துக்கு உரியது. பிளக்கின் நீளமான பின் அதற்குள் போனால்தான் கீழே இருக்கும் இரண்டு துவாரங்களின் கதவும் விலகும். சின்னப் பிள்ளைகள் கம்பியையும் ஊசியையும் விட்டுப் பார்க்கும் என்பதற்காகவே அந்தக் கதவை வைத்திருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? பேனா, ஸ்குரூ டிரைவர், ஈர்க்குக் குச்சி என்று கையில் கிடைத்ததை விட்டுத் திறக்கிறோம். அதையும் பிள்ளைகளுக்கு முன்னாலேயே செய்கிறோம். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் தட்டையான தடித்த பின்னைப் பிடிப்பதற்குச் செய்தவை. உங்கள் பிளக்கின் உருண்டைப் பின் மெல்லியது, அதற்குள் நின்று ஆடும். ஆடுகிற இடத்தில் கரண்ட் விட்டுவிட்டுத்தான் பாயும், பொறியும் பறக்கும். பொயின்டின் முகப்பைப் பாருங்கள். துவாரத்தைச் சுற்றி மஞ்சள் பூத்தோ கறுத்தோ இருந்தால் அந்தப் பொயின்டை மாற்றியே ஆகவேண்டும்.

இப்போது ஒரு இரவை யோசித்துப் பாருங்கள். ஒரு மணித்தியாலம் சார்ஜில் வைத்தீர்கள். அதற்குள் பின் எத்தனை தடவை விட்டுப் பிடித்ததோ யாருக்குத் தெரியும்? அதைக் கேட்காமலே கடைக்காரர் பெட்டரிக்கு மரண அத்தாட்சிப் பத்திரம் எழுதிவிட்டார்.

சதுர மூன்று பின் 13 ஆம்பியர் பிளக்தான் இலங்கையின் நியமம் என்று முடிவெடுத்தாயிற்று. ஆனாலும் கடைக்குப் போனால் இரண்டு பின், உருண்டை மூன்று பின், எதிலும் சேராத இன்னொன்று என்று எல்லாம் தொங்குகின்றன. விற்கிறவரைக் கேட்க ஆளில்லை. எரிந்தபிறகு வாங்கினவரைத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே, ஒரு நல்ல அடப்டர் வாங்குங்கள். அது சதுரப் பின் பொயின்டில் தானாகவே இறங்க வேண்டும். உங்கள் இரண்டு பின்னையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். சொருகிய பிறகு பிளக்கை மெல்ல அசைத்தால் ஆடக் கூடாது. உள்ளே பியூஸ் இருந்தால் இன்னும் நல்லது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். "அதெல்லாம் வேண்டாம், பிளக்கை வெட்டிவிட்டு 13 ஆம்பியர் பிளக் போட்டுத் தருகிறேன்" என்று வயரிங் வேலை செய்யும் பாஸ் சொன்னால், எத்தனை ஆம்பியர் பியூஸ் போடுவார் என்று கேளுங்கள். 3 ஆம்பியர் என்று சொன்னால் தொழில் தெரிந்தவர். பிளக்கோடு வரும் 13 ஆம்பியர் பியூஸை அப்படியே விட்டால், பிரச்சினை வரும்போது பியூஸுக்கு முன்னால் அந்த நூல் போன்ற வயர்தான் எரியும்.

அடப்டர் வாங்கப் போகிற இடத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விடமாட்டேன். எங்கள் கடைகளில் இந்தச் சாமானுக்குக் "கன்வெட்டர்" என்று பெயர். அது பின்னின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்டைத் தொடாது. குவைத்தின் மின்சாரமும் எங்களுடைய 230 வோல்டும் ஏறத்தாழ ஒன்று. எனவே அங்கே பாவிப்பதற்கென்று விற்ற சாமானால் உங்களுக்குப் பயமில்லை. ஆனால் கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிற பார்சல்கள் வேறு கதை. அங்கே 120 வோல்ட். ஜப்பானில் 100. அந்த ஸ்டாண்டை இந்தக் "கன்வெட்டரில்" சொருகினால் அது தாங்குகிற அளவுக்கு இரண்டு மடங்கு வோல்ட் உள்ளே போகும், சூடு நாலு மடங்குக்கு ஏறும். முதலில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம், பிறகு ஸ்டாண்டின் அடி மெழுகுபோல இளகும், பிறகு ஒன்றும் இல்லை. விற்றவரோ "கன்வெட்டர் தந்தேனே, உங்கள் சாமான்தான் சரியில்லை" என்பார்.

ஸ்டாண்டைக் கவிழ்த்து அடியில் இருக்கும் பொடி எழுத்தை வெளிச்சத்தில் வாசியுங்கள். 220–240 அல்லது 100–240 வோல்ட் என்றிருந்தால் இங்கே பாவிக்கலாம். 110, 120 என்று மட்டும் இருந்தால் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. அப்படி 120 வோல்ட் ஸ்டாண்ட் வந்துவிட்டால் வோல்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வாங்கலாம்தான். ஆனால் ஒரு பிரஷுக்காக இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் பெட்டியொன்றை வீட்டில் வைத்து, அது தின்னும் கரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். பயணப் பையில் வைக்கிற சின்ன வோல்ட் மாற்றிகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் பல, முடி உலர்த்தி மாதிரிச் சூடாகும் சாமான்களுக்கு மட்டும்தான் சரி. அதே மொடலுக்கான 230 வோல்ட் ஸ்டாண்டைத் தனியாக வாங்குவதே புத்தி. அனுப்புகிறவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இவ்வளவும் மிச்சம். பார்சல் முகவர்கள் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு நிறைதான் கணக்கு.

இனி சார்ஜ் விஷயம். பிரஷின் அடியில் உலோக முனை ஒன்றும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டாண்டுக்குள் ஒரு கம்பிச் சுருள், பிரஷின் வயிற்றுக்குள் இன்னொன்று. றோட்டோரக் கம்பத்தில் நிற்கிற ட்ரான்ஸ்போமரை இரண்டாகப் பிளந்து நடுவில் பிளாஸ்டிக் சுவர் வைத்த மாதிரித்தான் இதன் அமைப்பு. கீழ்ச் சுருளின் காந்தம் மேல் சுருளில் கரண்டை எழுப்பும். இந்த வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறும். வெறுமையாகிப் போன பிரஷ் நிறைவதற்கு 12 முதல் 16 மணித்தியாலம் பிடிக்கும். சில கொம்பனிகள் முதல் தடவைக்கு 24 மணித்தியாலம் வைக்கச் சொல்கின்றன. போன் மாதிரி ஒரு மணித்தியாலத்தில் பாதி ஏறும் என்று எதிர்பார்த்தால், காலாகாலமும் அரைப் பட்டினியில்தான் பிரஷ் கிடக்கும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஸ்டாண்டிலேயே விடுங்கள். நிறைந்ததும் உள்ளே இருக்கும் சுற்று பார்த்துக்கொள்ளும். இடையில் கரண்ட் போய் வந்தால் பெட்டரிக்குக் கெடுதல் இல்லை, விட்ட இடத்திலிருந்து ஏறும். லேசாகச் சூடு தட்டினாலும் பயப்பட வேண்டாம். கரண்ட் போய் வருவதைப் பற்றிச் சொன்னால், தலவாக்கலையில் அணை கட்டி மறித்த நீரில் மேல் கொத்மலை என்ற 150 மெகாவாட் மின் நிலையம் 2012 முதல் ஓடுகிறது. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் நீரெல்லாம் கரண்டாகிக் கீழே போகிறது. அந்த அணைகளுக்குப் பக்கத்து லயங்களில்தான் பல்ப் மினுக்கு மினுக்கென்று எரிகிறது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் பிரஷ் மறந்துபோகும்.

ஒரே ஒரு நேரம் மட்டும் பிளக்கைக் கழற்றி வையுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்தில் இடி முழங்கும்போது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக் வெளியே வரவேண்டும். ஊருக்குப் போய் ஒரு மாதம் வராவிட்டாலும் கழற்றிவிடுங்கள்.

பில்லைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இப்படியான ஸ்டாண்ட் ஒன்று அல்லது இரண்டு வாட்தான் எடுக்கும். 1 வாட் ஸ்டாண்ட் முப்பது நாளும் ஓய்வில்லாமல் ஓடினால் 0.72 யூனிட். 2,000 வாட் கேத்தல் இருபத்திரண்டு நிமிடம் கொதித்தாலே அவ்வளவு ஓடிவிடும். வாடகை வீட்டுக்காரர் "சார்ஜ் சாமான் இருக்கு" என்று மாதம் ஐந்நூறு கூட்டிக் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மாமியாரின் பயம் பாதி சரி. ஈரக்கையோடு பிரஷைத் தொடலாம், வாயில் வைக்கலாம், பீலியில் பிடித்துக் கழுவலாம். உள்ளே இருப்பது ஒரு டோர்ச் பெட்டரியின் வலு. ஆனால் ஸ்டாண்டும் வயரும் 230 வோல்டோடு தொடர்புள்ளவை, அவை தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. குளியலறையில் பொயின்ட் வைப்பதும், எக்ஸ்டென்ஷன் இழுத்துக் கழுவுகிற இடத்தில் தொங்கவிடுவதும் கூடாது. ஸ்டாண்ட் காம்பராவுக்குள் அலுமாரி மேல் இருக்கட்டும். பல் துலக்கியதும் பிரஷைக் கழுவி, அடியைத் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். ஸ்டாண்டின் வயர் வெடித்திருந்தால் டேப் சுற்றாமல் எறியுங்கள். அதைத் திருத்த முடியாது.

லயத்து வீடுகளில் இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பக்கத்துக் காம்பராவிலிருந்து இழுத்த வயர், எர்த் கம்பியே இல்லாத பொயின்ட், "அடிக்கடி விழுது" என்று பாஸ் ஒருவர் வயரை நேராக இணைத்து வேலை செய்யாமல் ஒதுக்கிவிட்ட ட்ரிப் சுவிட்ச். உயிரைக் காப்பது அந்த ட்ரிப் சுவிட்ச்தான். உடம்பு வழியாக 30 மில்லிஆம்பியர் ஒழுகினாலும் கண் இமைப்பதற்குள் வெட்டும். அதில் டெஸ்ட் பொத்தான் ஒன்று இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் பிரஷை மறந்துவிட்டு நல்ல பாஸ் ஒருவரைத் தேடுங்கள்.

இப்போது அந்த 6,500 ரூபாய். கட்ட வேண்டாம், முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பிரஷ் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். அடியில் இருக்கும் குழியையும் ஸ்டாண்டின் முளையையும் ஈரத்துணியால் துடையுங்கள். பற்பசை காய்ந்து சுண்ணாம்பு மாதிரி அப்பியிருந்தால் பிரஷ் சரியாக உட்காராது. ஸ்டாண்ட் எவர்சில்வர் தட்டு மேலோ தகரத்தின் மேலோ இருந்தால் மரத்துக்கு மாற்றுங்கள், காந்தத்தை உலோகம் தின்னும். புது அடப்டரில் சொருகி ஒரு முழு நாள் விடுங்கள். பிறகு காலையும் இரவும் இரண்டிரண்டு நிமிடம் பாவித்துப் பாருங்கள். ஒரு கிழமை வந்தால் பெட்டரி நலமாக இருக்கிறது. டிசம்பர், ஜனவரிக் குளிரில் கொஞ்சம் குறையும். நுவரெலியாவில் உறைபனி விழுகிற விடியலில் எந்தப் பெட்டரியும் சோம்பித்தான் கிடக்கும். அதற்காக அடுப்புக்கு மேலே வைத்துச் சூடாக்கிவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு நாளில் நின்றால் பெட்டரி உண்மையாகவே போய்விட்டது. அப்போதும் போன் கடையில் திறக்கவிட வேண்டாம். உள்ளே பெட்டரியை ஈயம் வைத்து ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் போகாமல் மெல்லிய றப்பர் வளையம் ஒன்று காக்கும். கத்தி விட்டு நெம்பியதும் அது கிழியும். வாங்கி வந்த கிழமை நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் நடுச்சாமத்தில் யாரும் தொடாமலே "விர்ர்" என்று தானாக ஓடத் தொடங்கும். உள்ளே ஈரம் போய்த் தகடு பச்சை பூத்துவிட்டது என்று அர்த்தம். அப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், எத்தனை மாத உத்தரவாதம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தந்துவிட்டு ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இலக்கத்தில் அழைக்கலாம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும். பில் இல்லாமல் போனால் அங்கேயும் கையை விரிப்பார்கள்.

கடைசிக் கேள்வி. கைப்பிடி ஒன்றை வீட்டில் எல்லோரும் பாவிக்கலாம், தலை மட்டும் ஆளுக்கொன்று. சில கொம்பனித் தலைகளின் அடியில் நிற வளையம் வரும், இல்லாவிட்டால் நூல் கட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நார் விரிந்தால் அதற்கு முன்பும் மாற்றுங்கள். இணையத்தில் "ஒரிஜினல், பத்துத் தலை" என்று மலிவாக விற்கிறவற்றை வாங்கிவிட்டு ஈறு கிழிந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். மாமியாருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தால் வைத்தியரிடம் கேட்டபிறகு கொடுங்கள். மற்றபடி சாதாரண பிரஷ் மாதிரி அழுத்தித் தேய்க்காமல் பல்லின்மேல் மெல்ல வைத்து நகர்த்தச் சொல்லுங்கள், மிச்சத்தை அதுவே செய்யும்.