டகோமா முன்சக்கர டகடக சத்தம்: எதை மாற்றலாம், எதைத் தள்ளிப்போடலாம்

வணக்கம் நண்பரே. உங்களிடம் இருப்பது 2002 டொயோட்டா டகோமா பிக்கப் வண்டி, வேகத்தடையில் முன்சக்கரத்தில் டகடக சத்தம், கடையில் முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள் என்றீர்கள். முழுவதும் தேவைப்படாது.

முதலில் லோயர் பால் ஜாயின்ட்டை, அதாவது சக்கரப் பகுதியைக் கீழ்க் கையோடு (லோயர் ஆர்ம்) இணைக்கும் உருண்டை மூட்டைப் பாருங்கள். இந்தத் தலைமுறை வண்டியில் எடை அந்த மூட்டை அழுத்தாது, பிரித்து இழுக்கும். அது கழன்றால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும். ஜாக்கில் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஒருவரை மூட்டருகே பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் இரண்டு பக்கமும் மாற்றிவிடுங்கள். இங்கே மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், டொயோட்டா ஒரிஜினலே வாங்குங்கள். பக்கத்துக்கு 4 போல்ட்தான். அவற்றையும் புதிதாகப் போடுங்கள், டார்க் ரெஞ்சில் (குறித்த அளவு விசைக்கு முறுக்கும் ஸ்பேனர்) முறுக்குங்கள்.

ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு), புஷ்களுக்கு (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறைகள்) விலை குறைந்த நல்ல பிராண்ட் போதும். லிங்க் தேய்ந்தால் சத்தம்தான் பெரிது, அடுத்த மாதம் பார்க்கலாம்.

லோயர் ஆர்மின் கேம் போல்ட் (திருப்பி அலைன்மென்ட்டைச் சரிசெய்யும் போல்ட்) துருப்பிடித்து உள்ளேயே ஒட்டியிருக்கலாம். அப்புறம் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். பனிக்காகச் சாலையில் உப்பு தூவும் ஊரென்றால் சில நாள் முன்பே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கேம் நின்ற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அலைன்மென்ட்டை எல்லா வேலையும் முடிந்தபின் ஒரே தடவையாகச் செய்யுங்கள்.